வெங்காய எண்ணெயும் உப்புத் தண்ணீரும்

1. நகர்ந்த நாற்காலி

"அக்கா, நான் வேலைய விடப் போறேன்" என்று நிவேதா வந்து நின்றபோது நான் வேறொரு பெண்ணுக்குப் புருவத்தில் த்ரெட்டிங் செய்துகொண்டிருந்தேன். நூலின் ஒரு முனை என் பல்லில் இருந்தது. பல்லில் நூல் இருந்தால் வாயைத் திறக்க முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான். இல்லாவிட்டால் "உனக்கென்ன பைத்தியமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருப்பேன். என் வாய் அப்படி.

நாகப்பட்டினத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருபத்தாறு வருடம் பியூட்டி பார்லர் நடத்தினேன். முட்டி வலி வந்த பிறகு கடையை என்னிடம் வேலை பார்த்த பெண்ணிடமே ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். புதிதாகக் கடை போடும் பெண்கள் இன்னும் ஃபோன் செய்கிறார்கள். கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அந்த வெங்காய எண்ணெய்ல என்ன போடுவீங்க?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எண்ணெயைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எண்ணெயைப் பற்றி மட்டும் சொன்னால் நான் பாதி பொய் சொன்னவள் ஆவேன்.

நிவேதா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பி.எட். முடித்து வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு மாதம்தான். அம்மா வசந்தா அக்கா, மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவர்கள் தெருவில் டீச்சர் வேலைக்குப் போன முதல் பெண் நிவேதாதான். வேலை கிடைத்த அன்று வசந்தா அக்கா என் கடை வாசலில் நின்று லட்டு கொடுத்தார். உள்ளே வரச் சொன்னேன். "குளிக்கல, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பதிலை நான் அப்போது ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

த்ரெட்டிங் முடிந்ததும் நிவேதாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். "என்னடி ஆச்சு?"

"க்ளாஸ்ல ஒரு பையன் மூக்கப் புடிச்சுக்கிட்டு 'மிஸ், வெங்காய வாடை'ன்னான். எல்லாம் சிரிச்சுது. சரி, பசங்க. அப்புறம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா பக்கத்து சீட் மிஸ் நாற்காலிய ஜன்னலோரமா நகத்திப் போட்டுக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லல. நகத்திப் போட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

"வெங்காய வாடைதானே? சாம்பார் வச்சாக்கூட அடிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு வெங்காயம் அக்கா. எனக்கு அது வெங்காயம் இல்ல."

அன்று எனக்கு அது புரியவில்லை. கோபம்தான் வந்தது. அவள் தலையில் இருந்தது நான் காய்ச்சிய எண்ணெய்.

2. சடசடப்பு அடங்கணும்

எண்ணெய் காய்ச்சக் கற்றுக்கொண்டது குடவாசலில். கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு பார்லரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அந்த முதலாளியம்மா புத்தகம் பார்த்து எதுவும் செய்ய மாட்டார். காதால் காய்ச்சுவார்.

தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடவேண்டும். அதற்கு முன் வெங்காயத்தைத் துணியில் பரப்பி நிழலில் ஒரு நாள் வாடவிட வேண்டும். கூட ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு ஸ்பூன் வெந்தயம். அடுப்பு சிம்மில்தான். வெங்காயத்தில் இருக்கும் தண்ணீர் சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் முழுவதும் அடங்கி, வெங்காயம் பழுப்பாகி மொறுமொறுப்பாக வந்த பிறகு இறக்கவேண்டும். "சடசடப்பு அடங்கணும். அடங்காம எறக்கினா நாலாம் நாள் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், கஸ்டமர் நம்ம மேல சாணி அடிப்பா" என்பார் முதலாளியம்மா. ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றவேண்டும்.

இப்போது பலர் பச்சை வெங்காயத்தை மிக்ஸியில் அரைத்து அந்தச் சாற்றைத் தலையில் ஊற்றுகிறார்கள். வீடியோவில் காட்டுகிறார்களாம். தலைத்தோல் சிவந்து எரிச்சலோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். எண்ணெயாகக் காய்ச்சினாலும்கூட முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். தலை குளிக்க அரை மணி நேரம் முன்பு, விரல் நுனியால், ஸ்கால்பில் மட்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் முடி கூடுதலாக வளர்ந்துவிடாது, தலையணைதான் பாழாகும்.

இன்னொன்று. காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டினாலும், கொத்துக் கொத்தாகக் கொட்டினாலும் டாக்டரிடம் அனுப்புங்கள். ரத்தம் குறைவாக இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். நாம் டாக்டர் இல்லை. வெங்காய எண்ணெய் மருந்தும் இல்லை. வறண்ட தலைக்கு ஷாம்பு போடுவதற்கு முன் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். இதை நான் வெளியில் இவ்வளவு அடக்கமாகச் சொன்னதில்லை. கடையில் "நம்ம எண்ணெய் ஒருநாளும் ஏமாத்தாது" என்றுதான் சொல்வேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

3. வாரத்துக்கு ரெண்டு தடவை

வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆனபோதுதான் நிவேதா முடி கொட்டுகிறது என்று வந்தாள். பார்ட்டிங் எடுத்து, வகிடு வகிடாகப் பார்த்தேன். வட்டமாக எங்கும் கொட்டவில்லை. முடி நடுவில் ஒடிந்து ஒடிந்து போயிருந்தது. ஸ்கால்ப் வறண்டு, வெயில் காலத்து வயல் வரப்பு மாதிரி இருந்தது. ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். செய்துகொண்டு வந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"தலைக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை குளிக்கிற?"

"வாரத்துக்கு ரெண்டு தடவைக்கா."

எழுதிக்கொண்டேன். கஸ்டமர் சொல்வதை எழுதிக்கொள்வதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அவள் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தியதைப் பார்த்தேன். பொண்ணுக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

முதல் மூன்று வாரம் சனிக்கிழமை கடைக்கே வந்தாள். அரை மணி எண்ணெய், பிறகு ஹேர் வாஷ். முடி பளபளவென்று ஆனது, ஒரு வாடையும் இல்லை. அவளுக்கே சந்தோஷம். பிறகு பள்ளியில் சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் வந்ததால் வர முடியவில்லை. ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்து, செய்முறை சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் பதினைந்தாவது நாள்தான் அவள் "வேலைய விடப் போறேன்" என்று வந்து நின்றது.

இந்தப் புகார் எனக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் பாட்டிலை வீட்டுக்கு வாங்கிப் போனவர்களில் சிலர் முன்பும் சொல்லியிருக்கிறார்கள்: "வேர்த்தா வாடை வருது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியா அலசியிருக்க மாட்டீங்க." இருபது வருடத்துக்கும் மேலாக இதே பதில்தான். என் கடையில் வாடை வரவில்லையே, அப்புறம் என் எண்ணெய் மேல் எப்படிக் குற்றம் வரும்?

நிவேதாவிடமும் அதையே சொன்னேன். "நல்லா அலசு. நாலு நாள் லீவு போடு. ராஜினாமா லெட்டர் எழுதினா கைய ஒடிச்சுடுவேன்."

"எழுதி வச்சுட்டேன்க்கா. திங்கக்கிழமை குடுக்கப் போறேன்" என்றாள். சத்தம் போட்டு அழவில்லை. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. வசந்தா அக்கா வெயிலில் உட்கார்ந்து படிக்கவைத்த பெண். என் எண்ணெயால் அவள் வேலை போனதென்றால் நான் அந்த மார்க்கெட் பக்கம் எப்படிப் போவேன்?

4. நுரை வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பு. கையில் என் எண்ணெய், என் சீப்பு, என் துண்டு. உண்மையைச் சொன்னால் அவளுக்காகப் பாதி, என் எண்ணெயின் மானத்துக்காகப் பாதி என்று போனேன். அவள் கண் முன்னாலேயே அலசிக் காட்டி, "பார், வாடை வருதா?" என்று கேட்கவேண்டும் என்பது என் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் ஜாஸ்தி, வசந்தா அக்கா விடியலிலேயே போய்விட்டார். நிவேதா கதவைத் திறந்து என்னைப் பார்த்து மிரண்டு போனாள். "உள்ள வாங்கக்கா… வீடு…" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தாள். வீட்டில் ஒரு வாடையும் இல்லை. பினாயில் போட்டுத் துடைத்த வாசம்தான் இருந்தது.

எண்ணெய் வைத்தேன். அரை மணி கழித்து பாத்ரூமில் குனியவைத்து, வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஷாம்பு போட்டேன். நுரை வரவில்லை. இன்னொரு பாக்கெட் போட்டேன். பிசுபிசுவென்று ஏதோ வந்தது, நுரை இல்லை. முடி என் விரலில் நார் மாதிரி சிக்கியது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"இது என்னடி தண்ணி?"

"போர் தண்ணிக்கா. குளிக்க, துவைக்க எல்லாம் இதான்."

"நல்ல தண்ணி?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய்ல வரும். குடத்துல புடிச்சு வைப்போம், குடிக்க, சமைக்க. நல்ல தண்ணிய யாராவது தலைக்கு ஊத்துவாங்களா?"

நான் அப்படியே வாளி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். குடவாசலில் அடிபம்பை அடித்தால் இனிப்புத் தண்ணீர். நாகப்பட்டினத்தில் என் கடைக்கும் மாடியில் என் வீட்டுக்கும் ஒரே தொட்டி. அதில் நல்ல தண்ணீர்தான் நிரம்பும், கட்டடத்துச் சொந்தக்காரர் வசதியானவர். இந்த ஊரில் பாதிப் பேர் உப்புத் தண்ணீரில் தலை குளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அதை என் எண்ணெயோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை. உப்புத் தண்ணீரில் ஷாம்பு வேலை செய்யாது, எண்ணெய் போகாது. காய்ந்ததும் தெரியாது, வேர்த்தால் வெங்காய வாடை கிளம்பும். "சரியா அலசியிருக்க மாட்டீங்க" என்று நான் திருப்பி அனுப்பிய முகங்கள் எல்லாம் அந்த பாத்ரூமில் என் முன்னால் வந்து நின்றன.

குடத்திலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு வரச் சொன்னேன். தயங்கினாள். "நான் திரும்ப எடுத்துட்டு வந்து தரேன்டி, கொண்டா" என்றேன். கொண்டுவந்தாள். ஒரு பாக்கெட்டில் பொங்கிக்கொண்டு வந்தது நுரை.

நிமிர்ந்தபோதுதான் சுவரில் ஆணியைப் பார்த்தேன். ஷாம்பு பாக்கெட் சரம், கடையில் தொங்குவது போல முழுசாகத் தொங்கியது. கீழே குப்பைக் கூடையில் வெற்று உறைகள் நிறைந்து கிடந்தன.

"நிவேதா. உண்மையச் சொல்லு. எத்தனை தடவை தலை குளிக்கிற?"

தலையில் துண்டோடு நின்றாள். பிறகு, "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றாள்.

"தினமுமா? எத்தனை நாளா?"

"ப்ளஸ் ஒன்லேருந்து."

எட்டு வருடம். தினம் இரண்டு தடவை, உப்புத் தண்ணீரில், ஷாம்பு போட்டு. முடி ஒடியாமல் என்ன செய்யும்? "ஏன்டி? ஏன் இப்படி?" என்று கத்தினேன்.

5. பத்தி

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு டான்ஸ் ஆடுறதுக்கு, கொண்டை போட உங்க கடைக்கு வந்தேன்க்கா. அம்மா மார்க்கெட்லேருந்து நேரா கூட்டிட்டு வந்துச்சு. நீங்க நல்லா சிரிச்சுப் பேசினீங்க. வாங்கக்கான்னு அம்மாவ உக்கார வச்சீங்க. அப்புறம் போயி ஒரு பத்தி கொளுத்தி அம்மா நாற்காலி பக்கத்துல வச்சீங்க. எங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்க, அவுங்களுக்கு வைக்கல. அம்மா கவனிக்கல. நான் கண்ணாடில பாத்தேன்."

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கும் அடிக்குது போலருக்குன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு. அப்பலேருந்துதான். உங்க கடைக்கு வர்றதுன்னா கூட ரெண்டு பாக்கெட் போட்டுக் குளிச்சுட்டுத்தான் வருவேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்காது."

"அப்புறம் ஏன்டி என் கடைக்கே வந்த?"

"அம்மாவுக்கு உங்களப் புடிக்கும். நீங்க கெட்டவங்க இல்லக்கா."

அந்த ஆண்டு விழாவை யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை. அதுதான் என்னை அறுத்தது. ஒரு தடவை செய்திருந்தால் நினைவிருக்கும். மார்க்கெட்டிலிருந்து யார் வந்தாலும் என் கை தானாக அலமாரிக்குப் போகும், தீப்பெட்டியை உரசும், பத்தியை வைக்கும். கடை மணமாக இருக்கட்டுமே என்று செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, யாரையும் வெளியே நிறுத்தியதில்லை. அதனால் நான் ரொம்ப நல்லவள் என்று என் நினைப்பு.

ஸ்டாஃப் ரூமில் நாற்காலியை நகர்த்திய டீச்சர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் என்னிடமே திரும்பி வந்தது. அவராவது வெங்காய வாடைக்கு நகர்த்தினார். நான் இல்லாத வாடை ஒன்றை எட்டு வருடம் அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவைத்திருந்தேன். அதைப் போக்கத்தான் அவள் தினமும் முடியைத் தேய்த்துத் தேய்த்து ஒடித்தாள். அதற்கு மருந்து என்று நானே எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன்.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றேன். "மன்னிச்சுக்கோ" என்ற வார்த்தை நாடகம் மாதிரி இருக்கும் என்று சொல்லவில்லை. அதையும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தேன். பிறகு அந்த ஆணியிலிருந்து சரத்தை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு லெட்டர் குடுக்காத. ஒரு மாசம். வாரத்துக்கு ரெண்டு தடவைதான் தலைக்குக் குளிக்கணும். கடைசித் தண்ணி நல்ல தண்ணி. அதை நான் என் கடையிலேருந்து கேன்ல அனுப்புறேன். ஒரு மாசம் கழிச்சும் போகணும்னா போ, நானே வந்து கையெழுத்து போடுறேன்."

"நீங்க எதுக்குக்கா கையெழுத்து?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்று அதுதான் முதல் சிரிப்பு.

6. தீர்ந்துபோன பத்தி

கேன் இரண்டு வாரம்தான் போனது. மூன்றாவது வாரம் வசந்தா அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்: "நல்ல தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு குடம் கூடப் புடிச்சா தீந்துது. அதுக்கு ஒரு ஆட்டோவா?" முதல் வாரம் தலை குளிக்காத நாளில் பள்ளிக்குப் போகவே நிவேதாவுக்குப் பயமாக இருந்ததாம். வகுப்பில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் எண்ணெய் வாடை லேசாக அடித்தபோது அதே பையன் கேட்டானாம். "ஆமாடா, தலைக்கு எண்ணெய் வச்சேன். நீ கணக்கப் போடு" என்று சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பினாளாம். அதைச் சொல்ல எனக்கு ஃபோன் செய்தாள். லெட்டரைக் கிழித்ததைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முடி ஒடிவது நின்றது. அது எண்ணெயாலா, தண்ணீராலா, தினம் இரண்டு தடவை தேய்ப்பதை நிறுத்தியதாலா? மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். எண்ணெய்க்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு இனி மனம் வராது. எல்லாப் பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டினேன்: கடைசி அலசல் நல்ல தண்ணீரில். பழைய கஸ்டமர்களிடம் "தப்பு என் மேலதான், நீங்க நல்லாத்தான் அலசியிருக்கீங்க" என்று சொல்லத் தொடங்கினேன். சிலர் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். நான் தப்பை ஒத்துக்கொண்டு அவர்கள் கேட்டதே இல்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் வசந்தா அக்கா கடைக்கு வந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக. கூடையை வாசலில் வைத்துவிட்டுப் படியிலேயே நின்றார்.

"குளிக்கலம்மா. தலை ஒரே வலி. அந்த எண்ணெய கொஞ்சம் வச்சு விடுறியா?"

"உள்ள வாங்கக்கா, உக்காருங்க."

உட்கார்ந்தார். என் கை அலமாரிப் பக்கம் போய்விட்டது. இத்தனைக்கும் பிறகும் போனது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அங்கே பத்திப் பெட்டி இல்லை, நான்தான் எடுத்தெறிந்திருந்தேன். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வசந்தா அக்கா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பத்தி தீந்துபோச்சா?" என்றார். குரலில் கோபமில்லை, கேலியும் இல்லை. உப்பு தீர்ந்துபோச்சா என்று கேட்பது போலக் கேட்டார்.

மகள் எட்டு வருடம் அம்மாவுக்குத் தெரியாது என்று காத்து வைத்திருந்தாள். அம்மா எத்தனை வருடமாக மகளுக்குத் தெரியாது என்று காத்து வைத்திருந்தாரோ.

"தீந்துபோச்சுக்கா. இனிமே வாங்குறதில்ல."

"நல்லது. எனக்கு அந்தப் புகையே ஆவாது. தும்மல் வரும்" என்று சொல்லிவிட்டு, முடிச்சை அவிழ்த்துத் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணெய் வைத்தேன். அரை மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

எண்ணெயில் என்ன போடுவீங்க என்று கேட்டீர்களே, எல்லாம் சொல்லிவிட்டேன். சடசடப்பு அடங்கட்டும், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், தலையைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். அப்புறம் ஒரு நாள் உங்கள் கடையில் உட்கார்ந்து, யார் உள்ளே வரும்போது உங்கள் கை எதைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் எதிரே கண்ணாடி இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.